வெள்ளை நூல் கட்டிய துப்பாக்கி

தர்ஷினி, கவின்,

போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் கவினிடம், "உங்க சித்தப்பா டெல்லியில வெடி செஞ்சு செத்துப்போனாராமே" என்று கேட்டிருக்கிறான். கவின், நீ அவனை அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். வாத்தியார் போன் செய்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பதில் தெரிந்திருந்தால் நீ அடித்திருக்க மாட்டாய். அந்தப் பதிலைத்தான் இதில் எழுதுகிறேன். டெல்லிக்குப் போய் வந்த கதையை உங்கள் அம்மாவிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. தர்ஷினி சத்தம் போட்டு வாசிக்கட்டும், கவின் கேட்கட்டும்.

சித்தப்பா செத்துப்போன செய்தி வந்த அன்றே ரயில் ஏறினேன். மத்தியப்பிரதேசம் தாண்டியதும் பனி பிடித்துக்கொண்டது. நம் அருப்புக்கோட்டையில் பனி என்றால் மார்கழிக் காலையில் பைக் சீட் நனைந்திருக்கும், அவ்வளவுதான். அங்கே பிளாட்பாரத்தில் நிற்கிற ஆளின் கால் தெரிகிறது, முகம் தெரியவில்லை. வண்டி ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. வயல்காட்டில் அரை நாள் நின்றது. எனக்கு அவசரம் என்று யாரிடம் சொல்வது? மார்ச்சுவரியில் கிடப்பவனுக்கு அவசரம் இல்லை.

எதிர் சீட்டில் ஒரு வயதான பஞ்சாபி அம்மா இருந்தார். டிபன் டப்பாவைத் திறந்து முள்ளங்கி வைத்துச் சுட்ட ரொட்டி கொடுத்தார். எதற்கு டெல்லி போகிறாய் என்று கைஜாடையில் கேட்டார். எனக்குத் தெரிந்த ஹிந்தி ஒரே சொல். "பாய்" என்றேன், தம்பி என்கிற அர்த்தத்தில். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்து, "பாய்" என்று சொல்லிச் சிரித்தார். தம்பியிடம் கொடுக்கச் சொல்கிறார். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

ஸ்டேஷனில் வசந்தா அக்கா நின்றார். நம்ம ஊர்க்காரர்தான், பஜார் பக்கம். கல்யாணமாகி டெல்லி போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் வீட்டுக்காரர் மத்திய அரசு ஆபீஸில் வேலை பார்க்கிறார், கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குச் சித்தப்பா அங்கேதான் போவார்.

"அழாத தம்பி. மொதல்ல சாய் குடி" என்றார் அக்கா. "இங்க ஜல்தி ஜல்தின்னு ஒண்ணும் நடக்காது. அதிகாரிங்ககிட்ட நான் ஹிந்தியில பேசுறேன். நீ பக்கத்துல நின்னாப் போதும், அச்சா?"

கண்ணாடி கிளாஸில் இஞ்சி தட்டிப் போட்ட டீ. கை விறைத்துப் போயிருந்ததால் குடிப்பதைவிட கிளாஸைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் சுகமாக இருந்தது. அப்படிச் சுகமாக இருக்கிறதே என்று எனக்கே வெட்கமாகவும் இருந்தது.

அவர்கள் வீட்டில் ரசமும் அப்பளமும் செய்திருந்தார்கள். அக்காவின் மகள் டெல்லியிலேயே பிறந்தவள். தமிழில் பேச ஆரம்பித்துப் பாதியில் ஹிந்திக்குப் போனாள். "செல்வம் மாமா சண்டேக்கு வந்தா எனக்கு தமிழ் படிக்க வைப்பாங்க அங்கிள். இனிமே கோன்... யாரு சொல்லுவா?" என்றாள். அக்கா அவளை உள்ளே போகச் சொன்னார்.

மறுநாள் முனிர்காவில் சித்தப்பா இருந்த அறைக்குப் போனோம். சந்து எவ்வளவு குறுகல் என்றால், எதிரே பைக் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். தலைக்கு மேலே ஒயர்கள் கொடி மாதிரி பின்னிக் கிடக்கின்றன. மாடியில் ஒரு அறை. கட்டில், ஸ்டவ், தண்ணீர் கேன். ஆணியில் மாம்பழ நிற ஸ்வெட்டர் தொங்கியது. குளிர் தாங்காமல் அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது.

ஜன்னல் திட்டில் ஒரு வெள்ளை நூல்கண்டும், முனையில் பித்தளை வைத்த நீளக் கம்பியும் இருந்தன. கம்பியைப் பார்த்ததும் என்னவென்று தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரியும். வீடியோ காலில் காட்டியிருக்கிறாரே. டெல்லியின் தெற்கு ஓரத்தில் ஒரு பெரியவர் பழங்காலத் துப்பாக்கிகளைச் சேர்த்து வைத்திருந்தார். ராஜா காலத்தவை, வெள்ளைக்காரன் காலத்தவை. துரு எடுத்து, எண்ணெய் போட்டு, எந்த ஊர்க் கொல்லன் எந்தக் காலத்தில் செய்தது என்று பார்த்து எழுதி, கண்ணாடிக்குள் வைப்பார். அந்தப் பட்டறையில்தான் சித்தப்பாவுக்கு வேலை. குழலின் வாயில் புலி முகம் செதுக்கிய துப்பாக்கி போட்டோவை அனுப்பினாரே, கவின் அதைப் பார்த்து வரைந்து சுவரில் ஒட்டினாயே, அது அங்கே உள்ளதுதான்.

அந்தக் காலத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. வாய் வழியே கருமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, துணி வைத்துக் கம்பியால் இடித்து இறுக்கவேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அதனால் எந்தத் துப்பாக்கி வந்தாலும் முதலில் வாய் வழியே கம்பியை விடுவார்கள். எவ்வளவு தூரம் போகிறது என்று விரலால் பிடித்து, வெளியே எடுத்து, அதே கம்பியைக் குழலின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். அடிவரை எட்டினால் குழல் காலி. எட்டாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. காலி என்று உறுதியானால் சித்தப்பா விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் வெள்ளை நூல் கட்டுவார். நூல் இருந்தால் யாரும் பயமில்லாமல் எடுக்கலாம். இந்த வழக்கத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்ததே அவர்தான். போனில் எவ்வளவு பெருமையாகச் சொன்னார்!

சாயங்காலம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். காகிதத்துக்குள் ரொட்டி அட்டை மாதிரி ஆகியிருந்தது. அவன் பங்கு. நான் தின்றேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் நாளில் அந்தக் கம்பியையும் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கையில் அவனுடையது ஏதாவது இருக்கட்டும் என்று தோன்றியது. மெட்ரோவில் பையை மெஷினுக்குள் அனுப்பவேண்டும். என் பை நின்றுவிட்டது. காவலுக்கு நின்றவர் கம்பியை உருவி எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"தமிழாண்ணா? எந்த ஊரு?"

"அருப்புக்கோட்டை."

"நான் அரூர். என்னண்ணா இது, ஈட்டி மாதிரி?"

தமிழைக் கேட்ட சந்தோஷத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "துப்பாக்கிக்குள்ள விட்டுப் பாக்குறது தம்பி."

வசந்தா அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாகல் ஹோ க்யா! எங்க நின்னு என்ன வார்த்த சொல்ற!"

பின்னால் வரிசை கத்தியது. எங்களை ஓரமாக நிறுத்தினார்கள். தம்பி செத்ததையும் இது அவன் கம்பி என்பதையும் அரூர்க்காரரிடம் சொன்னேன். மேலதிகாரி வந்தார். அரூர்க்காரர் அவரிடம் என்னமோ சொன்னார். அதிகாரி என் ஸ்வெட்டரையும் காலில் கிடந்த ரப்பர் செருப்பையும் பார்த்துவிட்டுக் கம்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

"உள்ள விட முடியாதுண்ணா, கோச்சுக்காத. ஆட்டோவுல போ" என்று வாசல் வரைக்கும் கூட வந்தார் அரூர்க்காரர். பிறகு மெதுவாக, "தம்பி எப்படிண்ணா போனாரு?" என்று கேட்டார். "அதத் தெரிஞ்சுக்கத்தான் போறேன்" என்றேன்.

போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். அவர் எதிரே சாம்பல் நிறக் கம்பளி போர்த்திக்கொண்டு துப்பாக்கிப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். சண்டைக்குத் தயாராகப் போன எனக்கு அது பிடிக்கவில்லை.

நடந்தது இவ்வளவு. ராஜஸ்தானில் ஒரு பழைய மாளிகையிலிருந்து ஒரு கட்டுத் துப்பாக்கிகள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றின் அடிமறை, அதாவது குழலின் பின்பக்கத்தை அடைக்கிற திருகு, துருவேறி இறுகியிருந்தது. அதைக் கழற்றினால்தான் குழலுக்குள் சுத்தம் செய்யமுடியும். சித்தப்பா கேஸ் விளக்கால் அதைக் காய்ச்சிக்கொண்டே ஸ்பேனர் போட்டிருக்கிறார். நம் பம்புசெட் வேலையில் இறுகிப்போன நட்டை நானும் அப்படித்தான் கழற்றுவேன். காய்ந்ததும் உள்ளே மருந்து பற்றிவிட்டது. மறை பாதி கழன்றிருந்ததால் அது பின்பக்கமாகப் பறந்து வந்திருக்கிறது. சித்தப்பா பின்னால் குனிந்திருந்தார்.

மருந்து எப்படி வந்தது? அதுதான் கேள்வி.

பெரியவர் ஹிந்தியில் சொன்னதை அக்கா என் காதில் சொன்னார். "செல்வம் மாதிரி வேலைக்காரன் எனக்குக் கிடைத்ததில்லை. அவன் கட்டிய நூல் ஒருநாளும் பொய்யானதில்லை. இந்தத் துப்பாக்கியிலும் அவன் நூல் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். ஆக, குழல் காலி. அதற்குப் பிறகுதான் யாரோ மருந்து போட்டிருக்கவேண்டும்."

சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். உன் தம்பி வேலையில் எப்படி?

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "எங்க வீட்டுலயே அவன்தான் சார் நிதானம். தப்பே பண்ண மாட்டான். நூல் கட்டுனான்னா கட்டுனதுதான்" என்றேன்.

அக்கா உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு இழுத்து இழுத்துச் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். நாளை கையெழுத்துப் போட்டுவிட்டு உடலை வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

வெளியே படியில் வைத்து அக்கா கேட்டார். "என்ன சொல்லிட்டு வந்திருக்கேன்னு புரியுதா தம்பி?"

"என்னக்கா?"

"அவன் நூல் தப்பாகாதுன்னா கொழல் காலி. காலிக் கொழல்ல மருந்து எப்படி வந்துச்சு? அவனேதான் வெளாட்டுக்கு, வீடியோ எடுக்கப் போட்டுருக்கான்னு எழுதிக்கிட்டாங்க. நீயும் ஆமான்னுட்ட."

அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. என்னை மாதிரியே அவரும் தம்பியை நம்பினார். எங்கள் இரண்டு பேரின் நம்பிக்கையும் சேர்ந்து அவனை வெடிக்காரன் ஆக்கிவிட்டது.

மறுநாள் மார்ச்சுவரிக்குப் போனோம், எதிரே ஒரு டீக்கடை. ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வைத்து மாவில் முக்கிப் பொரித்துத் தருகிறார்கள். பார்த்தாலே வயிறு நிறைகிறது. வாசலில் டயரை எரித்துக் குளிர்காய்கிறார்கள். சாவு வீட்டுக்காரர்கள்தான் எல்லாரும். நம் ஊர் என்றால் யாராவது ஒப்பாரி வைப்பார்கள். அங்கே எல்லாரும் கையைத் தேய்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். குளிரில் அழுகைகூட வராது போல.

அங்கே ரஃபீக் பாய் வந்தார். சித்தப்பாவோடு அதே பட்டறையில் வேலை செய்தவர். வெடித்தபோது பக்கத்தில் நின்றவர். தலையில் கட்டு, இரண்டு காதும் கேட்கவில்லை. என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த ஸ்வெட்டரின் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

அவருக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். ரகசியமாகச் சொல்ல நினைக்கிறார், ஆனால் காது கேட்காததால் கத்துகிறார். கடையே திரும்பிப் பார்த்தது. அவர் கத்தக் கத்த, அக்கா மெதுவான குரலில் எனக்குச் சொன்னார்.

"அவன் கம்பி விட்டான். எட்டவில்லை. ஒரு சாண் குறைந்தது. குளவி மண்தான் என்று நான்தான் முதலில் சொன்னேன். அவன் சுரண்டினான். மண் வந்தது. கைநிறைய மண். ஆமாம் பாய், மண்தான் என்றான். நூல் கட்டினான். மறுபடி கம்பி விட்டுப் பார்க்கவில்லை."

கவின், இதைக் கவனி. பழைய குழல்களுக்குள் குளவி கூடு கட்டும். கம்பி எட்டாமல் நின்றபோதெல்லாம் உள்ளே இருந்தது மண்தான். மூன்று வருஷமாக ஒவ்வொரு தடவையும் மண். இந்தத் தடவை மண்ணுக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது.

"இதப் போலீஸ்ல ஏன் சொல்லலன்னு கேளுங்கக்கா" என்றேன். அக்கா தன் காதைத் தொட்டு, போலீஸ்காரர் தொப்பி மாதிரி கை வைத்துக் காட்டி, வாயை அசைத்துக் கேட்டார்.

ரஃபீக் பாய் கத்தினார். "செத்துப்போனவனைத் தப்பு செய்தான் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஒரே தட்டில் சாப்பிட்டோம்!"

டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்தார்.

"தம்பி, ரெண்டுல ஒண்ணுதான்" என்றார் அக்கா. "தப்பே பண்ணாதவன், வெளாடிச் செத்தான். இல்லன்னா ஒழுங்கா வேல பாத்தவன், ஒரு தப்புப் பண்ணிச் செத்தான். எதச் சொல்லப் போற? உங்கம்மாட்ட எதச் சொல்லுவ?"

இன்னொரு டீ வாங்கினேன். அது ஆறிப் பாலாடை கட்டும்வரை கையில் வைத்திருந்தேன். தம்பி தப்பு செய்தான் என்று என் வாயால் சொல்வது, செத்துக் கிடக்கிறவனை அடிப்பது மாதிரி இருந்தது.

"நடந்ததச் சொல்லுவோம்க்கா" என்றேன்.

அன்றே ஸ்டேஷனுக்குப் போய்ச் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னோம். அடுத்த நாள் எல்லாரும் பெரியவர் வீட்டுப் பட்டறைக்குப் போனோம். சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு காவலரும் வந்தார்கள். பட்டறைச் சுவரில் கறுப்பு அப்பியிருந்தது. தரையைக் கழுவியிருந்தார்கள், ஆனாலும் சிமெண்டில் ஒரு இடம் மட்டும் நிறம் மாறியிருந்தது. நான் அங்கே மிதிக்கவில்லை. கண்ணாடிக்குள் வரிசையாகத் துப்பாக்கிகள் இருந்தன, எல்லாவற்றிலும் வெள்ளை நூல். புலி முகத்தையும் பார்த்தேன். போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னது.

ரஃபீக் பாய் சொன்னதைக் கேட்டதும் பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார். அக்கா மொழிபெயர்த்தார். "நூறு வருஷத்து மருந்து. ஈரத்தில் செத்துப்போயிருக்கும். அது பற்றாது. பற்றும் என்றால்..." என்று பெரியவர் நிறுத்தினார். பிறகு, "பள்ளிக்கூடப் பிள்ளைகள் இங்கே வருவார்கள். அவர்கள் கையில் நான் இந்தத் துப்பாக்கிகளைக் கொடுத்திருக்கிறேன்" என்றார்.

அப்போதுதான் அவர் எதற்காகப் போராடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

அவரே ஒரு முடிவுக்கு வந்தார். அதே மாளிகையிலிருந்து வந்தவற்றில் இன்னும் நூல் கட்டாத துப்பாக்கி ஒன்றை மேசையில் வைத்தார். கம்பி கேட்டார். நான் கொண்டுபோயிருந்த செல்வத்தின் கம்பியைக் கொடுத்தேன். வாய் வழியே விட்டார். பித்தளை முனை உள்ளே போகிற சத்தம் சரசரவென்று கேட்டது, நின்றது. விரலால் பிடித்து எடுத்து மேலே வைத்துப் பார்த்தார். எட்டவில்லை.

"மண்" என்றார். தமிழில் சொன்னார். சித்தப்பாவிடம் கற்றுக்கொண்ட சொல்.

முனையில் திருகு உள்ள வேறு கம்பியால் சுரண்டினார். மண் கொட்டியது. செக்கச்செவேலென்ற குளவி மண். பெரியவர் எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

மறுபடி செல்வத்தின் கம்பியை விட்டார். இப்போதும் எட்டவில்லை. நாலு விரல்கடை குறைந்தது.

அதற்கப்புறம் அவர் யாரையும் பார்க்கவில்லை. எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். மெதுவாகத் திருகித் திருகி இழுத்தார். மக்கிய துணி வந்தது. குண்டு ஒன்று உருண்டு மேசையில் விழுந்தது, இலந்தைப்பழம் அளவு. குழலைச் சாய்த்துத் தட்டினார். கேழ்வரகு மாதிரி கறுப்பாகக் கொஞ்சம் கொட்டியது.

ஒரு தகர மூடியில் அதில் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தீக்குச்சி அவர் கையில் இரண்டு தடவை அணைந்தது. ரஃபீக் பாய் பற்றவைத்துக் கொடுத்தார்.

புஸ்ஸென்று ஒரே வெளிச்சம். வெள்ளைப் புகை பனியோடு சேர்ந்து நின்றது. தீபாவளி நாற்றம்.

பெரியவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தகர மூடி உருண்டு போனது. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு பெரியவர் என்னிடம் பேசினார். அக்கா தமிழில் சொன்னார். "காவலுக்கு வைத்த துப்பாக்கி எப்போதும் நிரப்பித்தான் இருக்கும். அவர்கள் நிரப்பி வைத்தார்கள், போய்ச் சேர்ந்தார்கள், யாரும் சொல்லவில்லை. உன் தம்பி விளையாடவில்லை. நான் சொன்னது தப்பு."

"என் தம்பியும் ஒரு தப்புப் பண்ணிட்டான்னு சொல்லுங்கக்கா" என்றேன்.

பிறகு பெரியவர் வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஈரக் கையோடு ஒரு துப்பாக்கியைத் தொட்டால்கூடத் திட்டுகிற மனிதராம். இரும்புக்குத் தண்ணீர் எமன் என்று சித்தப்பாவும் போனில் சொல்வார். அந்த மனிதர் மாளிகைத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, தானே வாயில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் பட்டால் மருந்து செத்துவிடும். குழலின் அடியில் நெருப்பு வைக்கிற சின்னத் துளை இருக்கும். சிலதில் அந்தத் துளை வழியே துருநிறத் தண்ணீர் வடிந்தது. சிலதில் மை மாதிரி கறுப்பாக வடிந்தது. கறுப்பாக வடியும்போதெல்லாம் ரஃபீக் பாய் அதைத் தனியே நகர்த்தி வைத்தார். கண்ணாடிக்குள் இருந்தவற்றின் நூலையும் கத்தரித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி பார்க்கச் சொன்னார் பெரியவர். ரஃபீக் பாய் நூலைக் கத்தரிக்கவில்லை. ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் அவிழ்த்தார்.

உடலை அன்று சாயங்காலம் கொடுத்தார்கள். முகத்தை நான் மட்டும் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன். நீங்கள் பெரியவர்களான பிறகும் கேட்காதீர்கள்.

என் அம்மா போனில் அழுதார். "மூஞ்சிய மட்டுமாச்சும் காட்டுய்யா. ஊருக்குக் கொண்டாந்துரு."

"வேணாம்மா. இங்கயே முடிச்சிர்றேன்."

"நான் பெத்தவடா!"

"அதனாலதாம்மா."

அங்கே தகன மேடையில் இரும்புக் கதவு இருக்கிறது. பட்டனை அமுக்கினால் திறக்கிறது, மூடுகிறது. கொள்ளிச் சட்டியும் இல்லை, சங்கும் இல்லை. வசந்தா அக்கா வீட்டுக்காரர் ஆபீஸுக்கு லீவு போட்டு வந்து தமிழில் தேவாரம் ஒன்று பாடினார். பாதியில் மறந்துவிட்டது. மறந்த இடத்திலிருந்து மறுபடி முதலில் தொடங்கினார். ரஃபீக் பாய்க்கு எதுவும் கேட்டிருக்காது. அவர் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

திரும்பி வரும்போது வண்டி தெற்கே இறங்க இறங்க குளிர் விட்டது. எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தார்கள். நான் கழற்றவில்லை. விஜயவாடா தாண்டி வேர்த்து ஊற்றியது. அப்போதும் கழற்றவில்லை. மடியில் துணி மூடிய கலயம். பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார், பிறகு கலயத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

கவின், அந்தப் பையனிடம் இப்படிச் சொல். என் சித்தப்பா வெடி செய்யவில்லை. யாரோ நிரப்பிவிட்டுப் போன துப்பாக்கியைச் சுத்தம் செய்தார். ஒரு தடவை பார்த்தார், இரண்டாவது தடவை பார்க்கவில்லை. இதைச் சொல்ல வெட்கப்படாதே. அடிக்கவும் செய்யாதே.

இன்னொன்று இருக்கிறது. நம் கருப்பசாமி கோயிலில் அரிவாள்களுக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு ஒரு பழைய துப்பாக்கி மாட்டியிருக்கிறதே, திருவிழாவுக்குத் திருவிழா சந்தனம் பூசி மாலை போடுவார்களே, அதன் வாயில் உதடு வைத்து ஊதிச் சத்தம் எழுப்புவது உனக்கும் உன் சேக்காளிகளுக்கும் விளையாட்டு. டெல்லியில் அந்தத் தகர மூடி பற்றியபோது எனக்கு உன் வாய்தான் ஞாபகம் வந்தது.

ஊருக்கு வந்து காரியம் முடிந்ததும் பூசாரியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அது சாமி துப்பாக்கிப்பா. எங்க பாட்டன் காலத்துலருந்து காவலுக்குத் தொங்குது. சாமி கையில இருக்குறது நம்மளச் சுடுமா? போ, போய்த் திருநீறு பூசிக்க" என்றார்.

நேற்று மத்தியானம், கோயிலில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். சட்டைப் பையில் சித்தப்பாவின் நூல்கண்டு, கையில் அவர் கம்பி. செருப்பை வெளியே விட்டேன். குழலை என் முகத்துக்கு நேரே வராமல் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கம்பியை விட்டேன். உள்ளே போனது, நின்றது. விரலால் பிடித்து எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் எட்டவில்லை.

மண்ணாக இருக்கலாம்.

கோயில் குழாயில் செம்பு நிறையத் தண்ணீர் பிடித்து வாய் வழியே ஊற்றினேன். குமிழி வந்தது. நிரம்பும்வரை ஊற்றி, வடிந்ததும் மறுபடி ஊற்றினேன். அடியில் இருந்த சின்னத் துளையில் முதலில் சந்தனம் கரைந்து வந்தது. பிறகு துரு. பிறகு கறுப்பு. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்த அந்தக் கறுப்பு தெளியும்வரை செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டே இருந்தேன். தெளிந்த பிறகும் ஊற்றினேன். தரையைக் கழுவி, துப்பாக்கியை வாய் மேலே பார்க்கச் சாய்த்து, பழைய சங்கிலியிலேயே மாட்டினேன்.

பையிலிருந்து நூல்கண்டை எடுத்து, ஒரு முழம் இழுத்து, பல்லால் கடித்து அறுத்தேன். விசை வளையம் வரைக்கும் கொண்டுபோனேன். மருந்து செத்திருக்கும், ஆனால் குழல் இன்னும் காலி இல்லை. மறுபடி கண்டிலேயே சுற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.